போத்தலில் வளர்ந்த கிருமி

அவனை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அவனுக்கும் என்னைப் பிடிக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் இருவருக்கும் கடைசிவரை கருத்து வேறுபாடு வந்ததில்லை.

போரால் பாதை பூட்டிக் கிடந்த காலம். வன்னிக்குள் இடம்பெயர்ந்து வந்த எங்கள் ஆஸ்பத்திரி ஒரு பள்ளிக்கூடத்துக்குள் குடியேறியிருந்தது. ஆறாம் வகுப்பு அறைதான் தீவிர சிகிச்சைப் பிரிவு. நான்கு கட்டில், ஒரு ஒட்சிசன் சிலிண்டர், சுவரில் கரும்பலகை. நோயாளிகளின் காய்ச்சலையும் இரத்த அழுத்தத்தையும் அந்தக் கரும்பலகையில்தான் எழுதுவோம். அந்தப் பிரிவுக்குப் பெண் டொக்டர் நான் பொறுப்பு. எனக்கு மேலே ஒரு பெரிய டொக்டர் இருந்தார். அவர் வவுனியாவுக்குப் போனவர், திரும்பி வர இராணுவத்தின் பாஸ் கிடைக்காமல் அங்கேயே நின்றுவிட்டார். ஆகவே கேட்பதற்கும் ஆளில்லை, பழி போடுவதற்கும் ஆளில்லை.

அவன் ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பு. மாணவிகள் சமையல் பழகிய குசினிதான் அவனுடைய ஆய்வுகூடம். இரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு, நோயாளியின் இரத்தத்தை ஒரு போத்தல் இறைச்சிச் சாற்றுக்குள் விட்டு, உடம்புச் சூட்டில் வைக்க வேண்டும். கிருமி இருந்தால் சாறு கலங்கும். அப்படிப்பட்ட போத்தல்கள் கொழும்பிலிருந்து எங்களுக்கு வருவதில்லை. இவன் மாட்டிறைச்சி வாங்கி அவித்து வடித்து, வெறும் சேலைன் போத்தல்களில் ஊற்றி, பிரஷர் குக்கரில் வேகவைத்துத் தானே செய்தான். ஒரு மரப்பெட்டிக்குள் அரிக்கன் லாம்பைக் கொளுத்தி வைத்து, திரியைக் கூட்டிக் குறைத்துச் சூட்டைச் சரிபார்த்தான். கெட்டிக்காரன்தான், இல்லையென்று சொல்லவில்லை. எரிச்சல் என்னவென்றால், அது அவனுக்கும் தெரியும். கிருமி வளர்க்கும் தட்டுக்குத் தன் கையிலிருந்தே இரத்தம் எடுத்து ஊற்றுவான். எடுத்துவிட்டு அன்றைக்கு முழுதும் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு திரிவான், எல்லோரும் பார்க்கட்டும் என்று.

அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்றும் இருந்தது. முடிவை எழுதிக் கொண்டுவந்து தரமாட்டான். வாட்டு வாசலில் நின்று கத்துவான், சந்தையில் மீன் கூறி விற்கிறவன் தோற்றான். நோயாளி, நோயாளியின் ஆட்கள், தண்ணீர் கொண்டுவருகிறவன் எல்லோரும் அறிந்த பிறகுதான் டொக்டருக்குத் தெரியும்.

அந்த நெற்போகத்தில் நாலாம் கட்டிலுக்கு ஒருத்தி வந்தாள். முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவள், கத்தோலிக்கக் குடும்பம், புருஷன் கடலுக்குப் போகிறவன். கரையை விட்டு இடம்பெயர்ந்து கண்டாவளைப் பக்கம் கொட்டில் போட்டிருந்தார்கள். கடல் இல்லாத இடத்தில் கடற்காரன் என்ன செய்வான்? இருவரும் நெல் அருவி வெட்டக் கூலிக்குப் போனார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக வயலுக்குள் இறங்கியவளின் கணைக்காலில் புடையன் பாம்பு கடித்தது.

பாம்பு ஊசி இருந்தது, போட்டோம். ஆள் தப்பினாள். ஆனால் புடையனின் விஷம் சிறுநீரகத்தைப் பிடிக்கும். பல நாட்கள் அவளுக்கு ஒரு சொட்டுச் சலமும் போகவில்லை. முகம் ஊதி, கண் மூடி, மூச்சு இரைத்தது. இரத்தத்தைச் சுத்திகரிக்கும் மெசின் வன்னியில் எங்கும் கிடையாது. அது இருக்கிற இடத்துக்குப் போவதென்றால் கனகராயன்குளம் தாண்டி, காவலரண் தாண்டி, பாஸ் எடுத்து... பாஸ் வருவதற்குள் சவம்தான் போகும். கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு நாள் காலையில், குழாயில் மாட்டியிருந்த போத்தலின் அடியில் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தது. புருஷன் அதைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்து, ஏதோ பெரிய மீன் பட்டது மாதிரித் தூக்கிக் காட்டினான். நான் அந்த மூத்திரப் போத்தலைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தேன். அதற்குப் பிறகு போத்தலை அளப்பது புருஷனுடைய தொழிலாகிவிட்டது. போத்தலில் ஆணியால் கோடு கீறி வைத்திருந்தான்.

சலம் வரத் தொடங்கிய பிறகு காய்ச்சல் வந்தது. உதறல் காய்ச்சல். மலேரியாவுக்குப் பார்த்தோம், இல்லை. இரத்தம் எடுத்துப் போத்தலுக்கு அனுப்பினேன்.

இரத்தம் எடுப்பதென்றால் முதலில் தோலைத் துடைக்க வேண்டும். எங்கள் வாட்டுச் சிஸ்ரர் அதற்கென்று ஒரு எனாமல் தட்டம் வைத்திருந்தா. கிருமி கொல்லும் மஞ்சள் லோஷனைத் தண்ணீர் கலந்து அதில் ஊற்றி, பஞ்சு உருண்டைகளை ஊறப் போட்டிருப்பா. தட்டம் ஒருநாளும் வற்றாது. காலையில் பார்த்து, குறைந்திருக்கிற அளவுக்கு லோஷனில் நாலு சொட்டும் கிணற்றுத் தண்ணீரும் விட்டு நிரப்பிவிடுவா. எதையும் கொட்டுவது எங்களுக்குப் பாவமாக இருந்த காலம் அது. பாவித்த கையுறையைக் கழுவிக் கொடியில் காயப்போட்டோம். பழைய சீலையைக் கிழித்து அவித்துக் காயம் கட்டினோம். மற்ற வாட்டுகளில் லோஷன் முடிந்து மாதக்கணக்காகியும் எங்கள் தட்டம் மஞ்சளாகவே இருந்தது. வேறு வாட்டிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். சிஸ்ரருக்கு அதில் சரியான புளுகம், முகம் பூரித்துவிடும்.

இரண்டாம் நாள் மத்தியானம் வாசலில் ஆய்வுகூடக்காரனின் குரல்.

"நாலாம் கட்டில்! போத்தல் கலங்கிட்டுது! இரத்தத்துக்குள்ள கிருமி. பொல்லாத சாதி. ஜென்டமைசின் ஒண்டுக்குத்தான் மசியும்!"

புருஷன் கையில் மூத்திரப் போத்தலோடு எழும்பினான். "இரத்தத்துக்குள்ளையோ? ஐயோ, அப்ப மருந்தைப் போடுங்கோ டொக்டர். என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

ஜென்டமைசின் அலுமாரிக்குள் இருந்தது. ஆனால் அது சிறுநீரகத்தைத் தின்னும் மருந்து. நல்ல சிறுநீரகத்துக்கே அளந்துதான் கொடுக்க வேண்டும். இவளுடையது இப்போதுதான் செத்துப் பிழைத்துச் சொட்டுச் சொட்டாக வேலை செய்யத் தொடங்கியிருந்தது. அதற்கு மேலே இதைக் குத்தினால் அந்தப் போத்தல் திரும்பவும் காயும். மறுபடி காய்ந்தால் அவளைக் கரைக்குக் கொண்டுபோய்ப் புதைக்கத்தான் வேணும். குத்தாமல் விட்டு, கிருமி உண்மையிலேயே இரத்தத்தில் இருந்தாலும் அதே கதைதான். இரண்டு பக்கமும் சாவு, நடுவில் நான். வாசலில் அந்த வாயாடி.

"உம்மட வாயைக் குசினியில பூட்டிப்போட்டு வரமாட்டீரோ?" என்றேன்.

"உண்மையைச் சொன்னா உங்களுக்குச் சுடுது."

"எது உண்மை? போன மாசமும் ரெண்டு பேருக்கு இதே கிருமி எண்டு கத்தினனீர். நீர் கத்த முதலே ரெண்டு பேரும் கஞ்சி குடிச்சிட்டு, சைக்கிளில ஏறி வீட்டை போயிட்டினம். இந்தச் சாதிக் கிருமி இரத்தத்துக்குள்ள போனா ஆள் சைக்கிளில போகாது. இவளைப் பாரும். காய்ச்சல் காயுது, ஆனா பிரஷர் நல்லா நிக்குது, கேட்டதுக்குப் பதில் சொல்லுறாள். கிருமி இவளின்ர இரத்தத்தில இல்லை. உம்மட மாட்டிறைச்சிச் சாத்துக்குள்ள இருக்குது."

அவன் முகம் கறுத்துவிட்டது. "என்ர சாறோ? நான் வேகவைச்ச சாறோ? உங்கட வாட்டின்ர கையளில இருந்து வருது. ஆர் அங்கை ஒழுங்காக் கை கழுவுறியள்?"

கட்டிலுக்கு மேலால் இருவரும் கத்தினோம். கீழே அவள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள்.

போத்தல் கலங்கினால் அதற்கு ஒரு அர்த்தம்தான், போத்தலுக்குள் கிருமி போயிருக்கிறது. நரம்புக்குள்ளிருந்து போனதா, தோலிலிருந்தா, ஊசியிலிருந்தா, சாற்றிலிருந்தா என்று போத்தல் சொல்லாது. ஒரு கையில் ஒரு போத்தல் எடுத்துவிட்டுச் சாத்திரம் சொல்ல முடியாது. இரண்டு கையிலும் எடுத்து, இரண்டிலும் அதே கிருமி வந்தால், ஆளைப் பார்த்தாலும் அப்படித் தெரிந்தால், அப்போதுதான் நம்பலாம். இதையெல்லாம் படித்துத்தான் வந்திருந்தேன். படிக்கும்போது எதிரில் ஒரு புருஷன் மூத்திரப் போத்தலோடு நிற்கவில்லை.

"சரி, ஒரு போத்தலை ஒருத்தற்ற இரத்தமும் விடாமல் சும்மா பெட்டிக்குள்ள வையும்," என்றேன். "அது கலங்குதோ இல்லையோ எண்டு பாப்பம். கலங்கினா நீர் இனிமேல் என்ர வாட்டு வாசல் மிதிக்கக் கூடாது."

"வைக்கிறன். ஆனா நானும் வாட்டுக்குள்ள வந்து கண்ட கண்ட இடமெல்லாம் பஞ்சால தொட்டெடுத்து வளக்கப் போறன். முதல் உங்கட கை. கிருமி வந்தா நீங்கள் வாசலில நிண்டு எனக்கு மன்னிப்புக் கேக்கோணும். சத்தமா."

"எடும்," என்று இரண்டு கையையும் நீட்டினேன்.

வந்து எடுத்தான். என் விரலிடுக்கு, தண்ணீர்க் குடம், சேலைன் தொங்குகிற தடி, கதிரைக் கைப்பிடி. ஒன்றும் விடவில்லை. சிஸ்ரரின் தட்டத்துக்குள்ளும் பஞ்சுக் குச்சியை விட்டான்.

"தம்பி, அது கிருமி கொல்லுற மருந்து," என்றா சிஸ்ரர். "அதுக்குள்ள போய்க் கிருமி தேடுறீரோ? உமக்கென்ன விசரே?"

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். எங்கள் மூன்று பேருக்கும் இடையில் அப்படியொரு ஒற்றுமை அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

இந்த முறை துடைத்தது போதாதென்று அவன் சொல்லக் கூடாது, திரும்ப இரத்தம் எடுக்க ஸ்பிரிட் வேண்டும் என்றேன். வாட்டில் ஸ்பிரிட் கிடையாது. அவனிடம் விளக்கெரிக்க ஒரு சின்னப் போத்தல் இருந்தது. தரமாட்டேன் என்றான். தராவிட்டால் உம்மட முடிவை நான் நம்பமாட்டேன் என்றேன். கடைசியில் தானே கொண்டுவந்து, நான் அளவுக்கு மேல் ஊற்றிவிடுவேனோ என்று மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அவளுடைய இரண்டு கையையும் சவுக்காரம் போட்டு, அவித்தாறிய தண்ணீரில் கழுவி, அவன் ஸ்பிரிட்டால் துடைத்து, அது காயும் வரை நின்று, இரண்டு பக்கமும் எடுத்தேன். அவன் கண்ணை எடுக்காமல் பார்த்தான், பிழை பிடிக்க.

இனி இரண்டு நாள் காத்திருக்க வேண்டும்.

"ஊசி அலுமாரிக்குள்ள கிடக்குது," என்றா சிஸ்ரர். "போட்டு விடுங்கோவன் டொக்டர். நாளைக்கு ஒண்டு நடந்தா, மருந்தை வைச்சுக்கொண்டு சாகவிட்டவை எண்டுதான் சனம் கதைக்கும்."

சனம் கதைக்கும் என்பது எனக்குத் தெரியாதா? அவா எனக்குத் தெரியாமல் போட்டுவிடுவா என்ற பயத்தில் அலுமாரியைப் பூட்டி, திறப்பை என் கழுத்துச் சங்கிலியில் கொழுவிக்கொண்டேன். கையிலிருந்த பென்சிலினைக் குத்தினோம். அந்தக் கிருமி உண்மையாக இருந்தால் பென்சிலின் அதற்குப் பச்சைத் தண்ணி.

காய்ச்சல் ஏறி அவள் உதறும்போதெல்லாம் புருஷன் என்னையே பார்ப்பான். கிணற்றடியில் ஒருமுறை வழியை மறித்தான்.

"உங்கட சொந்தத்தில ஒருத்தியெண்டா இப்பிடி விட்டிருப்பியளோ? நாங்கள் கரைச்சனம், எங்களுக்கு ஆர் கேக்கிறது எண்டு நினைக்கிறியள். என்ர மனிசிக்கு ஒண்டு நடந்தா நான் உங்களைச் சும்மா விடமாட்டன், சொல்லிப்போட்டன்."

"சும்மா விடவேண்டாம்," என்றேன். "ஆனா இப்ப வழியை விடுங்கோ."

வார்த்தை தடித்துத்தான் வந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அவன் சொன்னதில் பிழை என்ன? ஒருவேளை அந்த வாயாடி சரியாக இருந்து நான் பிழையாக இருந்தால்? திறப்பு நெஞ்சில் உரசிக்கொண்டே இருந்தது. இருபது தரம் கழற்றப் போனேன். பிறகு வாட்டுக்குப் போய் அழுத்தம் பார்ப்பேன், அது விழாமல் நிற்கும். போத்தலைப் பார்ப்பேன், கோடு ஏறியிருக்கும். இன்னும் ஒரு மணித்தியாலம் பொறுப்போம் என்று திரும்பி வருவேன். புருஷன் போத்தலை அளந்து, என் முகத்தைப் பார்க்காமல், கரும்பலகையில் தானே எழுதினான். எழுதுகிறபோது வெண்கட்டி உடைந்தது.

ஆய்வுகூடக்காரன் வந்தபோது கத்தவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. உள்ளே வந்து, மேசையில் ஒவ்வொன்றாக வைத்தான். இரத்தம் விடாத போத்தல் தெளிவாக இருந்தது. அவளுடைய இரண்டு கையிலிருந்தும் எடுத்த போத்தல்களும் தெளிவு, ஒன்றிலும் கலங்கல் இல்லை.

"உங்கட கையிலயும் அந்தக் கிருமி இல்லை," என்றான், ஏதோ பல்லுப் பிடுங்குகிற மாதிரி.

பிறகு கடைசித் தட்டை வைத்தான். முழுவதும் பச்சை. புளித்த பழத்தின் மணம் அடித்தது.

"இது அந்தப் பொல்லாத சாதிதான். அச்சொட்டு. சிஸ்ரரின்ர தட்டம்."

மெல்லமெல்ல எல்லாம் புரிந்தது. பஞ்சு லோஷனின் வலுவை உறிஞ்சிவிடும். கிணற்றுத் தண்ணீர் அதை இன்னும் நீர்க்கச் செய்யும். தண்ணீரோடு வந்த கிருமி சாகாமல் பழகிக்கொண்டு, தட்டத்தின் அடியில் குடித்தனம் நடத்தியிருக்கிறது. நாங்கள் ஒருநாளும் கொட்டிக் கழுவாமல், தினமும் காலையில் அதற்குத் தண்ணீர் விட்டு வளர்த்திருக்கிறோம். பிறகு அதையே எடுத்து நோயாளியின் தோலில் பூசி, அதற்குள்ளால் ஊசியை இறக்கி, போத்தலுக்குள் விட்டிருக்கிறோம். அவனுடைய சாறும் சுத்தம், என்னுடைய கையும் சுத்தம். இருவரும் ஒருவரையொருவர் மாட்டிவிடப் பார்த்ததில், இரண்டு பேரும் நினைக்காத இடத்தில் அகப்பட்டது. நட்பாக இருந்திருந்தால் அந்தத் தட்டத்தை யாரும் தொட்டிருக்க மாட்டோம்.

சிஸ்ரரிடம் நான்தான் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

"மற்ற வாட்டுக்காரர் துடைக்க ஒண்டுமில்லாமல் நிக்கேக்குள்ள நான் ஒரு சொட்டும் சிந்தாமல் காத்தனான்," என்றா. "இப்ப நான்தான் சனத்துக்குக் கிருமி பூசினனான் எண்டு சொல்ல வாறியளோ?"

"உங்களைச் சொல்லேல்லை, சிஸ்ரர். தட்டத்தைத்தான் சொல்லுறன்."

"தட்டம் தானா நிரம்பினதோ?"

தட்டத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், என் கண்முன்னாலேயே மண்ணில் ஊற்றினா. மண் மஞ்சளாகியது. பிறகு தட்டத்தை அடுப்புக் கரி போட்டுத் தேய்த்தா, தேய்த்தா, எனாமல் கழன்று வரும் வரைக்கும் தேய்த்தா. அன்றிலிருந்து நான் அங்கிருந்து மாறிப்போகும் வரை, எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து என் கோப்பையை மட்டும் வெறுமையாக விட்டா. அது நியாயமா என்று கேட்டால் நியாயமில்லை. ஆனால் அவாவில் எனக்குக் கோபம் வரவில்லை, வந்ததெல்லாம் ஒரு லோஷன் போத்தலைக்கூடப் பாதையில் மறித்து வைத்தவர்கள் மேல்தான்.

இரத்தத்தில் கிருமி இல்லையென்றால் காய்ச்சல் எங்கிருந்து? விஷத்தால் கால் முழுவதும் வீங்கித்தான் கிடந்தது, ஆனபடியால் யாரும் அதைப் புதிதாகப் பார்க்கவில்லை. கடிவாயைச் சுற்றி அங்குலம் அங்குலமாக அமத்தினேன். கெண்டைக்கால் தசைக்குள் ஒரு இடத்தில் அவள் "ஐயோ மாதாவே" என்று துள்ளினாள். கீறினேன். ஒரு கோப்பை சீழ் வந்தது. மறுநாள் காய்ச்சல் விட்டுவிட்டது. சீழைத் துடைப்பதற்கு ஆய்வுகூடத்தில் ஸ்பிரிட் கேட்டனுப்பினேன். முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. பொய். எனக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போகிற நாளில் புருஷன் ஒரு பார்சலோடு வந்தான். கட்டாக் கருவாடு. எங்கேயோ யாரிடமோ சொல்லிக் கரையிலிருந்து எடுப்பித்திருக்கிறான். என்னைத் தாண்டி நடந்து, குசினி வாசலில் நின்றவனிடம் இரண்டு கையாலும் கொடுத்தான்.

"ஐயா, நீங்கள்தான் கிருமியைக் கண்டுபிடிச்சனீங்கள். உங்களை மறக்கமாட்டம்."

அவன் வாயைத் திறந்தான். கிருமி அவளுடைய இரத்தத்தில் இல்லை, எங்கள் தட்டத்தில்தான் இருந்தது என்று இப்போதாவது சொல்லுவான் என்று பார்த்தேன். இத்தனை நாள் வாசலில் நின்று கத்தின வாய். "பரவாயில்லை, பரவாயில்லை," என்று சொல்லிப் பார்சலை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

புருஷன் திரும்பி வந்து என் முன்னால் நின்றான். "ஊசி போடாமலே என்ர மனிசி எழும்பிட்டாள்," என்றான். "போட்டிருந்தா இன்னும் கெதியா எழும்பியிருப்பாள்."

எனக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. "ஓம், கெதியா எழும்பித்தான் இருப்பாள். மோட்சத்துக்கு!" என்றேன்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய், கேற்றில் நின்ற உழவு இயந்திரப் பெட்டியில் மூட்டையை எறிந்தான். நான் அவனுக்கு எதை விளக்குவது? போடாத ஊசி என்ன செய்திருக்கும் என்று எந்தப் போத்தலில் வளர்த்துக் காட்டுவது?

அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து, கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். என்னைப் பற்றி அவளும் ஏதாவது சொல்லப் போகிறாள் என்று நினைத்து இறுகிக்கொண்டு நின்றேன். அவள் குனிந்து, ஆம்பிளைகளுக்குக் கேட்காதபடி, என் காதடியில் மெல்லக் கேட்டாள்.

"டொக்டர், இஞ்சை கக்கூஸ் எங்கை? கனதூரம் போகோணும். அடக்கேலாமல் இருக்குது."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, மிரண்டுபோய்ப் பார்த்தாள்.

வெளியே உழவு இயந்திரம் உறுமியது. "ரக்ரர் போகப் போகுது, கெதியா வா!" என்று புருஷன் கத்தினான்.

"நிக்கட்டும்!" என்று அவனைவிடப் பெரிதாக நான் கத்தினேன். அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், கக்கூஸ் வாசலில் அவள் வரும் வரை நின்றேன்.